குறிப்பு, பேரேடு, ஐந்தொகை: ரங்கூனில் அன்றாட வேலைகளுக்குக் கணக்கு வைக்கும் முறை

இன்று ஷ்வே போந்தா தெரு என்று பெயர்ப்பலகை தொங்கும் இடம் முன்பு முகல் தெரு. செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு. ஊரிலிருந்து மூன்று வருடக் கணக்கில் வந்த ஏஜெண்டுகள் அங்கே அமர்ந்து எழுதிய கணக்கில் ஒரு ஒழுங்கு உண்டு. அன்றன்று நடந்தது நடந்தபடி குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் பெயரும். பேரேட்டைக் கூட்டிப் பார்த்து ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, போடுவார்கள். குறிப்பில் யாரும் கூட்டிக் கழிக்கமாட்டார்கள், பேரேட்டில் புதிதாக எதையும் நேரே எழுதமாட்டார்கள்.

பணத்துக்கு வைத்த இந்த மூன்றடுக்கை வேலைகளுக்கும் வைக்கலாம். கடை, வீடு, வார்டு ஆபீஸ், கோவில் கமிட்டி, ஊரில் இருக்கும் சொந்தம் என்று ஐந்தாறு பக்கமிருந்து வேலை வந்து விழுகிறவர்களுக்கு இது போதும். ஒரே எச்சரிக்கை: மூன்றையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முதல் நாளே வண்ண வண்ணப் பேனாவும் பன்னிரண்டு தலைப்புமாக ஆரம்பிக்கிற நோட்டு பெரும்பாலும் நான்காம் வாரம் அலமாரிக்குப் போய்விடும். ஓர் அடுக்கு கைக்குப் படிந்த பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று மாதம் ஆகும்.

வாங்க வேண்டியது

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நோட்டு ஒன்று. ஏறத்தாழ 10 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம். இங்கே கட்டும் லோஞ்சிக்கு, அதாவது பர்மிய லுங்கிக்கு, பை கிடையாது, பர்ஸும் போனும் இடுப்பு மடிப்பில் போகிற ஊர் இது. ஆகவே நோட்டு சட்டைப்பையில் நிற்கவில்லை என்றால் வீட்டிலேயே தங்கிவிடும். பெண்கள் கைப்பையின் வெளி அறையில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே அடியில் போனால் எடுக்கச் சோம்பல் வரும்.

கெட்டி அட்டை போட்ட 200 பக்கப் பெரிய நோட்டு ஒன்று. இது வீட்டை விட்டு வெளியே போகாது. இதை முதல் இரண்டு வாரம் வாங்கவே வேண்டாம். வாங்கினால் எழுதத் தோன்றும்.

சாதாரண பால்பாயிண்ட் பேனா இரண்டு. ஜெல் பேனா அழகாக ஓடும், ஆனால் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை ரங்கூன் மழையில் ஒரு துளி பட்டால் பல ஜெல் மைகள் கரைந்துவிடும். சிறு நோட்டுக்கு ஒரு ஜிப் பை.

செயலி வேண்டாமா என்று கேட்பார்கள். மின்சாரம் முறை வைத்து வருகிறது, இணையம் எப்போது இழுக்கும் எப்போது விடும் என்று சொல்ல முடியாது, அப்படியிருக்க வேலைப் பட்டியலை மட்டும் மேகத்தில் வைப்பது எதற்கு? போனுக்கும் இதில் இடம் உண்டு, மூன்று மாதம் ஆனபின்.

முதல் இரண்டு வாரம்: குறிப்பு மட்டும்

காலையில் பக்கத்தின் தலையில் தேதியும் கிழமையும் எழுதுங்கள். அன்றைக்குக் காதில் விழுகிற, மனதில் தோன்றுகிற, வைபரில் வருகிற ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதுங்கள். வந்த வரிசைதான் வரிசை. எது முக்கியம், எது அவசரம் என்று யோசிக்கவே வேண்டாம். இரவு ஒருமுறை படித்துவிட்டு மூடிவிடுங்கள். இந்த இரண்டு வாரத்துக்கு வேறு வேலை இல்லை.

எளிதாகத் தெரிகிறது. தவறுவது இரண்டு இடத்தில். முதலாவது, பெயரை மட்டும் எழுதுவது. "கரண்ட் பில்", "மாமா", "பள்ளிக்கூடம்" என்று எழுதினால் எழுதிய நேரத்தில் புரியும், மூன்றாம் நாள் புரியாது. மாமாவுக்குப் பணம் தர வேண்டுமா, போன் செய்ய வேண்டுமா, அவர் ஏதாவது அனுப்புவதாகச் சொன்னாரா? "மாமா: மாண்டலே பஸ் டிக்கெட் என்ன விலை என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்" என்று யார், என்ன இரண்டும் வரியில் இருக்க வேண்டும். கூடுதலாகப் பத்து விநாடி ஆகும்.

இரண்டாவது, "பிறகு எழுதிக்கொள்ளலாம்". டீக்கடையில் ஒருவர் சொன்னதை வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தால் வழியிலேயே பாதி போய்விடும். பேசிக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்து எழுதுவது மரியாதைக் குறைவு என்று சிலர் கூசுவார்கள். உண்மையில் எதிரில் இருப்பவர் தன் பேச்சை எழுதிக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்துதான் போவார். பெரியவர்களிடம் மட்டும் "மறந்திடுவேங்க, எழுதிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எந்த எழுத்தில் எழுதுவது? கை எதில் வேகமாக ஓடுகிறதோ அதில். தமிழ் பேசி, பர்மிய எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். தமிழில்தான் எழுத வேண்டும் என்று தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டால் நோட்டே நின்றுபோகும். இரண்டும் கலந்து எழுதினாலும் பிழையில்லை. ஒன்றை மட்டும் விடாதீர்கள்: அலுவலகத்தில் கேட்கக்கூடிய பர்மிய ஆட்பெயர், தெருப்பெயர் எல்லாம் பர்மிய எழுத்திலேயே இருக்கட்டும். தமிழில் எழுதிவைத்த பர்மியப் பெயரைத் திரும்ப அவர்கள் எழுத்துக்குக் கொண்டுபோகும்போது எழுத்துக்கூட்டல் மாறும். படிவத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி வரச் சொல்வார்கள்.

பதினான்கு நாளில் பத்து நாளாவது பக்கம் நிரம்பியிருந்தால் அடுத்த அடுக்குக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் இதிலேயே இருங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பழக்கம் படிவதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறினால் நோட்டைக் கிழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டாம், அடுத்த நாள் தேதியைப் போட்டு எழுதுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து: பேரேடு

இப்போது பெரிய நோட்டை வாங்கலாம். முதலில் எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு முடித்துவிடலாம். முதல் இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள்.

பிறகு கணக்குத் திறப்பது. இங்கேதான் இந்த முறை மற்றப் பட்டியல்களிலிருந்து விலகுகிறது. "அவசரம்", "முக்கியம்", "பிறகு" என்றெல்லாம் தலைப்பு வைக்கக் கூடாது. ஆளுக்கும் இடத்துக்கும் கணக்குத் திறக்க வேண்டும்: வீடு, கடை, வார்டு ஆபீஸ், பிள்ளைகள் பள்ளி, கோவில், வீட்டுக்காரர், ஊர். எட்டிலிருந்து பன்னிரண்டு கணக்கு போதும். வேலை அதிகமாக வரும் கணக்குக்கு எதிரெதிர்ப் பக்கங்களாக எட்டுப் பக்கம், மற்றவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள்.

நோட்டை விரித்தால் இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. அவர்களிடமிருந்து நமக்கு வந்த வேலை வரவு, அதாவது நாம் செய்து தர வேண்டியது. அவர்கள் கையில் நாம் கொடுத்திருக்கும் வேலை பற்று, அதாவது அவர்களிடமிருந்து நமக்குத் திரும்பி வர வேண்டியது. வீட்டுக்காரர் கணக்கில் இடது பக்கம் "அடுத்த ஆறு மாத வாடகை முன்பணம் தர வேண்டும்" என்று இருக்கும், வலது பக்கம் "குளியலறைக் குழாய் மாற்றித் தருவதாகச் சொன்னார், 3ஆம் தேதி" என்று இருக்கும். வலது பக்கத்தில் தேதி இல்லாத வரி செல்லாது. "எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்டால் பதில் வேண்டுமல்லவா.

பெரும்பாலான வேலைப் பட்டியல்களில் இந்த வலது பக்கமே கிடையாது. நமக்குப் பாதி வேலை தேங்குவது நம் சோம்பலால் அல்ல, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவதால். பேரேட்டில் எதையாவது கவனமாக எழுத வேண்டுமென்றால் பற்றுப் பக்கத்தை எழுதுங்கள்.

இரவு பதினைந்து நிமிடம் ஒதுக்கி அன்றைய குறிப்பை வரிவரியாகப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையா, பேரேட்டில் ஏற்றாமல் அப்போதே செய்து அடித்துவிடுங்கள். வேண்டாத வேலையா, அடித்துவிடுங்கள். குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட நேரத்தில் நடப்பதா, சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். மீதி எல்லாம் பேரேட்டில் உரிய கணக்குக்குப் போகும். பெயர்த்து எழுதியதும் குறிப்பின் ஓரத்தில் அந்தப் பேரேட்டுப் பக்க எண்ணைப் போடுங்கள். இது கணக்கப்பிள்ளைகளின் பழைய பழக்கம். ஓரத்தில் எண்ணும் இல்லாமல், அடிக்கப்படாமலும் ஒரு வரி இருந்தால் அது விட்டுப்போன வரி என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

பெயர்க்கும்போது வரியைத் திருத்தி எழுத வேண்டும். "வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கணும்" என்பது ஒரு வேலை அல்ல, ஏழெட்டு வேலைகளின் மூட்டை. அப்படியே எழுதினால் வாரக்கணக்கில் அந்த வரியைப் பார்த்துப் பார்த்துத் தாண்டிப் போவீர்கள். கையும் காலும் முதலில் எதைச் செய்யும் என்று கேளுங்கள். "புரோக்கருக்குப் போன் செய்து இந்த வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்று கேட்பது." இதைச் செய்ய ஐந்து நிமிடம். அது முடிந்த அன்று அடுத்த படியை அதற்குக் கீழே எழுதலாம். ஏழு படியையும் இன்றே எழுதிவைப்பதில் பயனில்லை, புரோக்கர் சொல்லும் பதிலில் பாதிப் படிகள் மாறிவிடும்.

பேரேட்டை அழகாக்க ஆசை வரும். சிவப்பு, பச்சை, நட்சத்திரம். ஆசையை அடக்குங்கள். அடித்தலும் கிறுக்கலும் இருக்கிற பேரேடுதான் ஓடுகிற பேரேடு.

ஏழாம் வாரம் வாக்கில்: நாளைப் பங்கிடுவது

இவ்வளவு நாள் எழுதியதெல்லாம் வேலைகளின் இருப்பு. எதை என்று செய்வது என்ற கேள்வி இப்போதுதான்.

ரங்கூனில் நாளை மணிக்கணக்கில் பிரிப்பதைவிட மின்சாரத்தைக் கொண்டு பிரிப்பது சரியாக வரும். பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் "மி" அல்லது "இ" போடுங்கள். மின்சாரம் வேண்டிய வேலைக்கு "மி": மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது, இஸ்திரி, பிரிண்ட், லேப்டாப் வேலை, பேட்டரி ஏற்றுவது. இல்லாமலே முடிவதற்கு "இ": போன் பேசுவது, நடந்து போய் முடிப்பது, கையால் எழுதுவது, சரக்கு எண்ணுவது. மின்சாரம் வந்ததும் என்ன செய்வது என்று யோசிக்கவே அரை மணி போகிற வீடுகள் உண்டு. "மி" வரிகள் மட்டும் கண்ணில் பட்டால் அந்த அரை மணி மிச்சம். தண்ணீர் முதலில், மற்றவை பிறகு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மின்சார முறை மாறும்போது கணக்கை மாற்றத் தேவையில்லை, எந்த நேரத்தில் எந்த எழுத்தைப் பார்ப்பது என்பது மட்டும் மாறும்.

காலையில் பேரேட்டிலிருந்து மூன்று வேலை தேர்ந்து சிறு நோட்டின் அன்றைய பக்கத்தில் மேலே எழுதுங்கள். மூன்றுதான். ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. பத்து எழுதுகிறவர் நான்கு முடித்துவிட்டு ஆறு முடியவில்லையே என்று படுக்கப் போவார். மூன்று எழுதி நான்கு முடித்தவருக்கு அந்த வருத்தம் இல்லை. செய்த வேலை ஒரே அளவுதான்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒன்றரையால் பெருக்குங்கள். மனிதர்கள் தங்கள் வேலை முடியும் நேரத்தைக் குறைவாகவே கணிப்பார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் டுவெர்ஸ்கியும் 1979இலேயே எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். வார்டு ஆபீஸ் சிபாரிசுக் கடிதம் போன்றவற்றுக்கு ஒன்றரை போதாது, அரை நாள் என்றே வையுங்கள்.

காலண்டரில் ஆண்டின் தொடக்கத்திலேயே குறிக்க வேண்டியவை சில உண்டு. பர்மிய மாதங்களின் முக்கியப் பௌர்ணமி விடுமுறைகள் ஆங்கிலத் தேதியில் வருடா வருடம் நகரும், அச்சடித்த காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். போஜோ மார்க்கெட் திங்கட்கிழமை மூடியிருக்கும். வங்கி வேலையைக் காலையிலேயே வையுங்கள், மாலையை நம்ப வேண்டாம். சென்னைக்கோ காரைக்குடிக்கோ பேச வேண்டியவர்கள் நமக்கு ஒரு மணி நேரம் முந்தி விடிகிறது என்பதை வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: "அங்கே 10 மணி, இங்கே 11." காலண்டரில் நாள் குறித்தவை மட்டும் இருக்கட்டும். "இந்த வாரம் முடித்தால் நன்றாக இருக்கும்" என்பவற்றைத் தேதிக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தால், உண்மையில் தவறவிடக் கூடாத தேதியும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

ஐந்தொகை

வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். இதைப் பத்தாம் வாரத்துக்கு முன் தொடங்க வேண்டாம், தொடங்கிய பின் விடவும் வேண்டாம். குறிப்பும் பேரேடும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஐந்தொகை இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பேரேட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போன நோட்டில் யாரும் எழுதமாட்டார்கள், வேலைகள் திரும்ப மண்டைக்குள் குடியேறிவிடும்.

நேரம் எது? ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை பலருக்கு ஒத்துவருகிறது. அது ராகு காலம், புதிதாக எதையும் தொடங்காத வீடுகளில் அந்த நேரம் சும்மாதான் கிடக்கும். பழைய கணக்கைப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. (பர்மியர்களுக்குப் புதன் நண்பகலுக்கு மேல் ராகுவின் பெயரிலேயே ஒரு தனி நாள். நமக்கும் புதனன்று ராகு காலம் 12 மணிக்குத்தான் தொடங்குகிறது. இரண்டு ஊரும் எங்கோ ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கின்றன.)

முதல் ஐந்து நிமிடம் குறிப்பைப் புரட்டி ஓரத்தில் எண் இல்லாத வரிகளைப் பெயர்த்துவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் காலண்டர்: போன வாரத்தில் ஏதாவது பாக்கியா, வரும் இரண்டு வாரத்தில் என்ன இருக்கிறது. பிறகு இருபது நிமிடம் பேரேட்டின் ஒவ்வொரு கணக்காகத் திறந்து, முடிந்ததை அடித்து, பற்றுப் பக்கத்தில் பத்து நாளைத் தாண்டிய வரிகளுக்கு அந்த இடத்திலேயே போனை எடுத்து நினைவுபடுத்துங்கள். மீதிப் பத்து நிமிடம் கூட்டல்.

கூட்டல் இப்படி: போன வாரம் திறந்திருந்த வரிகள் 42. இந்த வாரம் புதிதாக ஏறியவை 31. முடிந்தவை 27. வேண்டாமென்று விட்டவை 6. ஆக, கையிருப்பு 40. பேரேட்டில் திறந்த வரிகளை எண்ணினாலும் 40 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரி எழுதப்படாமல் அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஒன்று இரண்டு குறைந்தால் தேடி மாய வேண்டாம். ஐந்துக்கு மேல் இடித்தால் தேடுங்கள்.

இந்த எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரவாரம் ஒரு வரியாக எழுதி வந்தால் அவை பேசத் தொடங்கும். கையிருப்பு மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் நீங்கள் மெதுவாக வேலை செய்கிறீர்கள் என்று பொருள் இல்லை, கேட்டவருக்கெல்லாம் சரி என்று தலையாட்டுகிறீர்கள். புதிதாக ஏறியவற்றை எந்தக் கணக்கு அதிகம் கொடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆளாக, ஒரே கமிட்டியாக இருக்கும். விட்டவை என்ற எண் மாதம் முழுவதும் சுழியாக இருந்தால், செய்யப்போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்த வரிகளைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். ஆறு வாரம் அசையாத வரியை அடித்துவிடுங்கள். தேவையானால் தானே திரும்பி வரும்.

திருவிழா, நோய், சாவு, பிரயாணம் என்று இரண்டு மூன்று வாரம் ஐந்தொகை விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். அப்போது பலர் செய்கிற தவறு, எல்லாவற்றையும் புதிய நோட்டில் சுத்தமாகப் படியெடுக்க உட்காருவது. பாதியில் களைத்துப்போய் பழையதும் இல்லை புதியதும் இல்லை என்றாகிவிடும். குறிப்பில் ஒரு கோடு இழுத்து இன்றைய தேதியைப் போடுங்கள். காலண்டரில் வரும் இரண்டு வாரத்தையும், பேரேட்டின் பற்றுப் பக்கங்களையும் மட்டும் பாருங்கள். கோட்டுக்கு மேலே பெயர்க்காமல் கிடக்கிறவற்றை ஒருமுறை கண்ணால் ஓட்டி, மனதை இடிப்பதை மட்டும் எடுங்கள். அந்த வாரம் கூட்டல் வேண்டாம், புதிதாக எண்ணித் தொடங்குங்கள்.

போனுக்கு எதைக் கொடுப்பது

மூன்று மாதம் ஆனபின், திரும்பத் திரும்ப வருகிற வேலைகளைப் போன் அலாரத்துக்கு மாற்றலாம்: மாதாந்தர மின்கட்டணம், மருந்து வாங்குவது, வாடகைத் தவணைக்கு ஒரு மாதம் முன்னதாக ஓர் அலாரம். இணையம் இல்லாமல் ஓடுகிற, போனிலேயே இருக்கிற காலண்டரைப் பயன்படுத்துங்கள். ஐந்தொகை முடிந்ததும் திறந்த வரிகள் உள்ள பக்கங்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டால் நோட்டு நனைந்தாலும் தொலைந்தாலும் ஒரு வாரக் கணக்குதான் போகும். பேரேட்டையே போனுக்கு மாற்றுவது பற்றி ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

புதுக்கணக்கு

பேரேடு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் சித்திரைக்குப் புதியது போடுங்கள். பர்மியத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான் விடுமுறையும் தமிழ்ப் புத்தாண்டும் ஒன்றாக வருவதால் ஏப்ரல் நடுவில் ஊரே மூடியிருக்கும், யாரும் புதிய வேலை கொடுக்கமாட்டார்கள். பழைய பேரேட்டில் திறந்திருக்கும் வரிகளை மட்டும் புதியதில் ஏற்றுங்கள். இந்த ஒரு முறைதான் படியெடுப்பதற்கு அனுமதி. ஏற்றும்போதே மூன்றில் ஒரு பங்கு தேவையில்லை என்று கைக்குத் தெரிந்துவிடும். பழைய நோட்டை ஒரு வருடமாவது வைத்திருங்கள், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பவருக்குப் பற்றுப் பக்கத் தேதி உதவும். திஞ்ஜான் நாட்களில் வெளியே போவதானால் சிறு நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, நான்காக மடித்த ஒரு துண்டுத் தாளையும் பென்சிலையும் ஜிப் பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள். தெருமுனையில் வாளியோடு நிற்கிற பிள்ளைகள் யாருடைய சட்டைப்பையையும் விட்டுவைக்கமாட்டார்கள்.